கர்னலின் ஆறு தட்டுகள்

பாலிஷ் கடைக்காரர் போனில் சொன்னது டீச்சருக்கு முதலில் சரியாகப் பிடிபடவில்லை.

"அம்மா, தட்டுக்கு அடியில என்னமோ எழுதியிருக்கு. தேய்ச்சா போயிடும். நீங்க ஒரு தடவை வந்து பாத்துட்டா நல்லது."

ஆறு வெள்ளித் தட்டுகள். நூறு வருஷத்துக்கும் மேல் பழையவை. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது, அப்பாவுக்கு மாற்றல் வந்த சமயம் படைப்பிரிவு கொடுத்த பரிசு. அவற்றை அப்பா வேறு யாரையும் கழுவ விட்டதில்லை. "மனுஷன் பட்டாளத்துல சேர்ந்ததே தட்டு கழுவத்தான் போல" என்று அம்மா கிண்டல் செய்வாள். கர்னலாக ஓய்வு பெற்ற அப்பா போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. தம்பிக்கு மூன்று, தனக்கு மூன்று என்று பேசி, பிரிப்பதற்கு முன் பாலிஷ் போட்டுவிடலாமென்று டீச்சர்தான் கொண்டுபோய்க் கொடுத்திருந்தாள்.

கடையில் தட்டுகள் கவிழ்ந்து கிடந்தன. அடியில் ஒட்டியிருந்த பச்சைத் துணியைக் கடைக்காரர் உரித்திருந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், ஒரு எண். ஆறிலும் ஒரே தேதி. ஊசி முனையால் கீறியது. அவளுடைய ரேங்க் கார்டில் பத்து வருஷம் கையெழுத்துப் போட்ட அப்பாவின் அதே சாய்ந்த எழுத்து.

தட்டுகளை வாங்கிக்கொண்டு நேராக அப்பாவின் பழைய டிரைவர் வீட்டுக்குப் போனாள். பட்டாளத்திலும் அப்பாவுக்கு வண்டி ஓட்டியவர். பெயர்களைப் பார்த்ததும் அவர் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"யார் மாமா இவங்க?"

"விட்டுடு பாப்பா. போனவரைப் பத்திப் பேசி என்ன ஆகப்போகுது?"

"நீங்க சொல்லாம நான் எழுந்திரிக்க மாட்டேன்."

அவர் சொன்னார். "உங்கப்பா ராத்திரி காவலுக்கு இவங்களை ஆத்தைத் தாண்டி அனுப்பினார். அனுப்ப வேணாம்னு மேலேர்ந்து உத்தரவு வந்திருந்துச்சு. உறையைப் பிரிச்சுப் பாக்கலை. ஆறு பேரும் வெள்ளத்துல போயிட்டாங்க. உடம்புகூடக் கிடைக்கலை."

"அப்புறம்?"

"ஆறு பேரும் ஓடிப்போயிட்டாங்கன்னு எழுதிக் கொடுத்துட்டார். எனக்குத் தெரியும் பாப்பா. நானும் வாயைத் திறக்கலை."

டீச்சர் வீடு திரும்பித் தம்பிக்கு போன் செய்தாள். அவன் எரிந்து விழுந்தான். "உனக்கென்ன பைத்தியமாக்கா? தேய்ச்சுடச் சொல்லு. அப்பா பேரைச் சந்தி சிரிக்க வைக்கப் போறியா?"

"அதுல இருக்கறது அப்பா பேர் இல்லடா" என்று வைத்துவிட்டாள்.

ஆறு பேரில் ஒருவரின் குடும்பம் உள்ளூரிலேயே இருப்பதாக டிரைவர் சொல்லியிருந்தார். மகன் பஸ் டிப்போவில் டிக்கெட் கிளார்க். மறுநாள் அவர் அப்பாவின் பெயர் இருந்த தட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குக் கிளம்பினாள். பாவத்தைத் தலைமுழுகப் போகிறோம், அவர்களும் சந்தோஷப்படுவார்கள் என்ற ஒரு நினைப்பு அவளுக்கு இருந்தது.

கிளார்க் தட்டைத் திருப்பிப் பார்த்தார். அவள் சொன்னதைக் கேட்கக் கேட்க அவர் முகம் வெளிறியது. "ஸ்கூல்ல என்னை ஓடிப்போனவன் மவன்னுதான் கூப்பிடுவாங்க" என்றார், குரல் உடைந்து. திட்டுவார் என்று டீச்சர் காத்திருந்தாள். அவரோ உள்ளே திரும்பிக் கத்தினார். "அம்மா! அப்பா ஓடிப்போகலையாம்மா!"

மனு எழுதியது, டிரைவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டது, எட்டு மாதம் கழித்து 'பணியில் இறந்தார்' என்று பதிவேடு திருத்தப்பட்டது எல்லாம் பிறகு நடந்தவை. தம்பி இன்றுவரை அவளோடு பேசுவதில்லை. ஆனால் டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது கிளார்க் அம்மாவைக் கூப்பிட்ட அந்த நிமிஷத்தில்தான்.

அந்த அம்மா ஈரக் கையோடு சமையலறையிலிருந்து வந்து நின்றாள்.

"ஓடிப்போகலையா? அப்போ இத்தனை நாளா எங்கடா இருக்காரு?"

கிளார்க் கையிலிருந்த தட்டைப் பார்த்தார். அப்பா உயிரோடு இல்லை என்பது அவருக்கே அப்போதுதான் உறைத்தது. டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த அம்மா இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். தரையில் உட்கார்ந்தாள்.

"எங்கயோ எவளோடயோ நல்லாத்தான் இருக்காருன்னு நெனச்சேன். செத்த மனுஷனையாடா நாப்பத்தேழு வருஷமா திட்டிக்கிட்டு இருந்தேன்?"