தையல் கடையிலிருந்து கிளம்பிய ரயில்

இந்தக் காலத்து ஆட்களுக்கு, வழியைப் பார்க்காமலே "அதெல்லாம் போயிடும்" என்று சொல்லத் தெரிந்திருக்கிறது. எங்கே போகும், எப்படிப் போகும், நடுவில் முட்டினால் என்ன செய்வது, ஒரு யோசனையும் கிடையாது. கட்டை விரலால் போன் கண்ணாடியைத் தேய்க்கிறார்கள். படம் வருகிறது. வேலை முடிந்தது என்று எழுந்து போய்விடுகிறார்கள்.

நான் நாற்பத்தோரு வருஷம் வீடு மாற்றிக் கொடுக்கிற வேலை பார்த்தவன். பீரோ, கட்டில், துணி துவைக்கிற மெஷின், ஒரு தடவை ஒரு டாக்டர் வீட்டு மீன் தொட்டி, எல்லாம் இந்த முதுகில் ஏறி இறங்கியவை. எந்த வீட்டுக்காரனைக் கேட்டாலும் "வாசல் பெரிசுதான், போயிடும்" என்பான். ஒருத்தனையும் நம்பியதில்லை. முதலில் வெறுங்கையோடு ஒரு வெள்ளோட்டம் நடப்பேன். படி எத்தனை, திருப்பம் எங்கே, எந்தச் சுவரில் ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பேன். அதற்கப்புறம்தான் கயிற்றைத் தொடுவேன். மூன்றாவது வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட எனக்கே இது தெரிகிறது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, என் மருமகள் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு அதன்மேல் நானும் என் வீட்டுக்காரியும் போகிற பயணத்தை விரித்தாள். அவளுக்கு ரத்தம் சோதிக்கிற இடத்தில் வேலை. குழாய்க்குக் குழாய் சீட்டு ஒட்டி ஒட்டிப் பழகிய கை. விமானத்துக்குப் பச்சைச் சீட்டு, ரயிலுக்கு மஞ்சள் சீட்டு. என் மகன் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தான். அவளுக்கும் எனக்கும் நடுவில் தலையைக் கொடுக்க மாட்டான். விவரமானவன்.

"மாமா, இங்க பாருங்க. இங்கேருந்து விமானத்துல அண்ணி ஊருக்கு. அங்க பத்து நாள். அப்புறம் ரயில்ல அத்தையோட தங்கச்சி ஊருக்கு. அங்க ஒரு வாரம். மறுபடி ரயில்ல கொழுந்தன் ஊருக்கு. அங்கேருந்து விமானம் ஏறி வீட்டுக்கு."

அண்ணி என்றது என் மகளை. கொழுந்தன் என்றது என் சின்ன மகனை. மூன்றும் மூன்று வெளிநாடு, அந்த ஊர்களின் பெயரெல்லாம் என் வாயில் நுழையாது. மகள் ஊர், மச்சினி ஊர், சின்னவன் ஊர். எனக்கு அது போதும்.

"மகள் ஊர்லேருந்து மச்சினி ஊருக்கு ஒரே வண்டியா?" என்று கேட்டேன்.

மருமகள் மஞ்சள் சீட்டின் ஓரத்தைத் தடவிவிட்டாள். "நடுவுல ஒரு இடத்துல மாறணும் மாமா. பன்னிரண்டு நிமிஷம் இருக்கு."

"எவ்வளவு?"

"பன்னிரண்டு."

"அதை விட்டா?"

"அடுத்த வண்டி மறுநாள் காலையில."

அவ்வளவுதான். நான் மேசையை விட்டு எழுந்துவிட்டேன். எழுபத்திரண்டு வயசுக் கிழவனும், மழை வந்தால் முழங்கால் முனகுகிற கிழவியும், பாஷை தெரியாத ஊரில், பன்னிரண்டு நிமிஷத்தில் வண்டி மாறுவதாம். படத்தில் நன்றாகத்தான் இருக்கும்.

"அண்ணி அங்க நேர்லயே போய் நடந்து பார்த்தாங்க மாமா. ஆறு நிமிஷம்தான் ஆச்சாம்."

"அவளுக்கு முப்பத்தெட்டு வயசு. கையில என்ன வச்சிருந்தா?"

"ஒரு பை."

"பை! மச்சினி ஊரை எடுத்துடு. மகள் ஊர்லேருந்து நேரா சின்னவன் ஊருக்கு விமானத்துல போயிடலாம். ரயிலே வேண்டாம்."

அடுப்பங்கரையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. என் வீட்டுக்காரி ஈரக் கையோடு வந்து நின்றாள். அவள் கத்துகிற ஆள் இல்லை. கத்தினால் சமாளித்துவிடலாம்.

"என் தங்கச்சியைப் பார்த்துப் பதினோரு வருஷம் ஆச்சு," என்றாள். "நான் வருவேன்னு புதுசா ஒரு போர்வை வாங்கி, உறை பிரிக்காம வச்சிருக்கா. அவ ஊரை எடுத்துட்டா என் பேரையும் எடுத்துடுங்க. நான் வீட்டுலயே இருந்துக்கறேன். நீங்க மட்டும் போய்ட்டு வாங்க."

சொல்லிவிட்டுப் போய் மறுபடி பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். ஒவ்வொரு பாத்திரமும் வைக்கிற சத்தம் எனக்கு மட்டும் தனியாகக் கேட்டது.

"நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணி வரைக்கும்தான் இந்த டிக்கெட்டை நமக்குன்னு நிறுத்தி வச்சிருக்காங்க மாமா," என்றாள் மருமகள். "அதுக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க."

இரவு முழுக்கப் புரண்டேன். காலையில் டீயைக் குடித்ததும் மருமகளைக் கூப்பிட்டேன். "அந்த ஸ்டேஷன்ல படி எத்தனை, நடை எத்தனைன்னு உன் அண்ணியைக் கேளு. எண்ணித்தான் சொல்லணும். சும்மா அடிச்சு விடக் கூடாது."

என் மகள் என் மகள்தான். எண்ணியே வைத்திருந்தாள். முப்பது படி இறக்கம், நானூறு எட்டு நடை, முப்பது படி ஏற்றம். அங்கே லிஃப்ட் இருப்பதாகவும் சொன்னாளாம். லிஃப்ட்! நான் மீன் தொட்டி தூக்கிய அன்றும் அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இருந்தது. கதவில் "பழுது" என்று எழுதியும் இருந்தது.

எங்கள் வீடு மூன்றாவது மாடி. ஐம்பத்து நான்கு படி. கீழே இறங்கி, மருந்துக் கடையையும் முடி வெட்டுகிற கடையையும் தாண்டினால் தெரு மூலையில் தையல்காரர் கடை. வாசலிலிருந்து நானூறு எட்டுக்குக் கொஞ்சம் கூடவே இருக்கும். ஏறுகிற படிக்குப் பதிலாக எல்லாவற்றையும் இறங்கியே கழித்துக்கொள்ளலாம் என்று கணக்கு வைத்தேன்.

"வெள்ளோட்டம் பார்க்கப் போறோம்," என்றேன். "பெட்டியோட. நம்ம வீட்டு வாசல்தான் வண்டியை விட்டு இறங்கற இடம். தையல் கடை அடுத்த வண்டி. பன்னிரண்டு நிமிஷத்துல போய்ச் சேர்ந்தா மூணு ஊர். சேரலைன்னா ரெண்டு ஊர். அதுக்கப்புறம் யாரும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

வீட்டுக்காரி செருப்பை மாட்டிக்கொண்டாள்.

தையல்காரர் என் சிநேகிதர், பத்து வயசு சின்னவர். நான் முதலில் கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். அன்று ஞாயிற்றுக்கிழமை, அவருக்கும் பொழுது போக வேண்டுமே. "சுவர்க் கடிகாரம் இருக்கு அண்ணே. பன்னிரண்டாவது நிமிஷம் ஷட்டரை இழுத்துடுவேன். கெஞ்சினாலும் வண்டி நிக்காது," என்றார்.

சாமான் நாலு உருப்படி. வீட்டுக்காரியின் சின்னப் பெட்டி ஒன்று. என்னுடைய பெரிய பெட்டி ஒன்று, நடுத்தரப் பெட்டி ஒன்று, ஒரு உருட்டுப் பை. அவளை எதையும் தொடவிடவில்லை. தூக்குவது என் தொழில். மருமகள் போனில் தையல்காரரிடம் "இறங்கியாச்சு" என்றாள். கிளம்பினோம்.

என் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு தடவை ஒரு வாத்தியார் வீட்டுக் கடிகாரம் இரண்டாம் மாடித் திருப்பத்திலேயே விடுபட்டுப்போய், அப்புறம் யார் கைக்கோ போய்விட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு திருப்பத்திலும் எல்லாவற்றையும் இறக்கி வைத்து, ஒவ்வொன்றையும் கையால் தட்டி எண்ணாமல் நான் நகர்வதில்லை. இரண்டை இறக்கினேன். ஏறிப் போய் இன்னும் இரண்டை எடுத்து வந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அடுத்த திருப்பம். மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

வீட்டுக்காரி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு படிக்கு ஒரு கால் வைத்து இறங்கிக்கொண்டிருந்தாள். "நான் மெதுவா முன்னாடி போறேங்க," என்றாள். "போ போ, உன்னைத்தான் பிடிக்கப் போறேன்," என்றேன்.

முதல் மாடித் திருப்பத்தில், தண்ணீர் கேனோடு மேலே ஏறி வந்த ஆள் சாமானைப் பார்த்துவிட்டு நின்றான். "என்ன பெரியவரே, வீட்டைக் காலி பண்றீங்களா?"

"இல்ல. ரயில் மாறுறோம்."

அவன் கேனைத் தோளில் மாற்றிக்கொண்டு, சுவரோடு ஒட்டி, என்னைத் தொடாமல் மேலே போனான்.

தெருவில் இறங்கியபோது அவளைக் காணோம். மருந்துக் கடை வாசலில் ஒரு தடவை எண்ணினேன். முடி வெட்டுகிற கடையில் உருட்டுப் பையின் வார் அறுந்தது. கட்டினேன். எண்ணினேன். தையல் கடைக்கு இருபது எட்டு இருக்கும்போது ஷட்டர் கடகடவென்று கீழே இறங்கியது.

"நிறுத்துய்யா!" என்று கத்தினேன்.

"வண்டி கிளம்பிடுச்சு அண்ணே!" உள்ளேயிருந்து தையல்காரர்.

"ஏய், அவ எங்க?"

"நான் ஏறியாச்சுங்க," என்று ஷட்டருக்குப் பின்னாலிருந்து என் வீட்டுக்காரியின் குரல் வந்தது. "ஒன்பதாவது நிமிஷமே வந்து உட்கார்ந்தாச்சு. நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். நீங்க பெட்டியை எண்ணி முடிச்சுட்டு நாளைக் காலையில வாங்க."

உள்ளே இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம். முடி வெட்டுகிற கடையில் பாதி முகத்தில் நுரையோடு ஒருவன் எழுந்து வந்து பார்த்தான். நான் பெரிய பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். இத்தனை நாள் நான் பயந்ததெல்லாம் அவள் முழங்காலை நினைத்துத்தான். அந்த முழங்கால் வண்டிக்குள் கால் நீட்டிக்கொண்டிருக்கிறது. பிளாட்பாரத்தில் நிற்பது நான்.

மருமகள் வந்து என் பக்கத்தில் நின்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள் என்பது தெரிந்தது. மரியாதை தெரிந்த பெண்.

"மாமா, பீரோ படியில மாட்டினா என்ன பண்ணுவீங்க?"

"கதவையும் காலையும் கழட்டுவேன்."

"படியை இடிக்க மாட்டீங்கல்ல?"

"படியை இடிக்கறவன் தொழில்காரனா?"

"அப்ப அத்தையோட தங்கச்சியை ஏன் மாமா கழட்டறீங்க? பெட்டியைக் கழட்டுங்க."

என் தொழிலை வைத்தே என் வாயை அடைத்துவிட்டாள். பெரிய பெட்டியைத் தெருவிலேயே திறந்தேன். ஷட்டர் முழங்கால் உயரம் மேலே ஏறியது. தையல்காரரின் தலை அதன் அடியில் வந்தது.

என் தலையணை. ஒரு சுருள் கயிறு. திருப்புளி இரண்டு. சங்கிலி, பூட்டு. டீ போடுகிற கெட்டில். டார்ச். இன்னொரு டார்ச்.

"அண்ணே, அந்தக் கயிறு எதுக்கு? விமானம் நடுவுல நின்னா கட்டி இழுக்கவா?"

"உன் வேலையைப் பாரு. நீ தைச்ச சட்டையிலேயே எனக்கு நம்பிக்கை இல்ல, விமானத்துல எப்படி இருக்கும்?"

"அங்க தலையணை இருக்காதுன்னு யாருங்க சொன்னது?" என்று வெளியே வந்த வீட்டுக்காரி கேட்டாள். அவள் தலையணையை எடுத்துத் தூசி தட்டினாள். "என் பெட்டியில பாதி காலியாத்தான் இருக்கு. உங்க வேட்டி சட்டையை அதுல வைங்க."

சாப்பிட்டு, கொஞ்சம் படுத்து, நாலு மணிக்கு மறுபடி வெள்ளோட்டம். இந்தத் தடவை ஒரே பெட்டி. அதற்குச் சக்கரம் இருக்கிறதாம். சக்கரத்தை நான் நம்புவதில்லை, தோளில் வைத்துக்கொண்டேன். முதல் திருப்பத்தில் இறக்கித் தட்டினேன். "ஒண்ணு." பிறகு அவள் தோளையும் தட்டினேன். "ரெண்டு."

"என்னையும் சாமான்ல சேர்த்துட்டீங்களா?"

"காலையில தொலைஞ்சு போனது நீதானே?"

"தொலைஞ்சது யாருன்னு அந்தத் தையல்காரரைக் கேளுங்க," என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கைப்பிடி இருக்கும்போது என் கை எதற்கு என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. தையல் கடையில் போய் நின்றபோது எட்டரை நிமிஷம். தையல்காரர் அளவு நாடாவைக் கொடி மாதிரி ஆட்டினார். முடி வெட்டுகிறவன் வாசலிலிருந்து கை தட்டினான். நாடகம் பார்க்கக் கூட்டத்துக்கு என்ன குறைச்சல்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. மருமகள் என் முகத்தைப் பார்த்தாள். "எடுக்கட்டுமா மாமா?"

"எடு," என்றேன். "மூணு ஊரும்."

கட்டை விரலால் ஒரு தேய்ப்பு. அவ்வளவுதானாம். மூன்று நாடு, இரண்டு விமானம், மூன்று ரயில், ஒரு தேய்ப்பில் வாங்கிவிட்டாளாம். எனக்குக் காகிதத்தில் வேண்டும் என்றேன். தமிழிலேயே அடித்துக் கொடுத்தாள். இரண்டு பிரதி கேட்டேன். மூன்றாகக் கொடுத்தாள்.

வீட்டுக்காரி அதற்குள் தங்கச்சியைப் போனில் பிடித்துவிட்டாள். "வர்றோம்டி! போர்வையை வெயில்ல போட்டு எடு!" அந்தப் பக்கம் மச்சினி அழுகிறாளா சிரிக்கிறாளா என்று புரியவில்லை. இவள் இரண்டையும் செய்துகொண்டிருந்தாள். நான் காகிதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தேன்.

"ஏம்மா, ஒன்பதாவது நடைமேடைன்னு போட்டிருக்கு. அன்னைக்கு மேடையை மாத்திட்டாங்கன்னா?"

"போர்டுல போடுவாங்க மாமா."

"போர்டைத் தேடிப் படிக்க எத்தனை நிமிஷம்?"

"அதான் மூணரை நிமிஷம் மிச்சம் இருக்கே. அங்கெல்லாம் வண்டி டாண்ணு வந்துடும் மாமா."

"யார் சொன்னது?"

"அந்த ரயில்காரங்களே போட்டிருக்காங்க."

"விக்கிறவன் வேற என்ன போடுவான்?"

காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன்.

"இப்ப எங்க கிளம்பிட்டீங்க?" என்று வீட்டுக்காரி போனை மூடிக்கொண்டு கேட்டாள்.

"மேடை மாறினா தெருவோட அந்தக் கோடிக்குன்னு வை. அது எத்தனை எட்டுன்னு ஒருத்தருக்கும் தெரியாது," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டி, படியை எண்ணிக்கொண்டே இறங்கினேன்.