பார்க்கக் கூடாத முகம்

மார்லா உரிமத் தேர்வை இரண்டாவது தடவை எழுதித்தான் தேறினாள். அதற்கு முன், சிறப்புக் குழந்தைகளுக்கான இதே மையத்தில் நாலு வருஷம் உதவியாளராகத் தரையில் உட்கார்ந்து, குழந்தைகளிடம் கடியும் கிள்ளலும் வாங்கியவள். இப்போது நடத்தை ஆய்வாளர். ஒரு குழந்தை ஏன் கடிக்கிறது, ஏன் அடிக்கிறது என்று எண்ணிப் பார்த்து, காரணம் கண்டுபிடித்து, திட்டம் எழுதி, அடியில் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. எண்ணுவது பழசு, கையெழுத்துதான் புதுசு.

அவளுக்குக் கிடைத்த முதல் குழந்தை ஜூனி. ஐந்து வயசு, பேச்சு வராது. படம் ஒட்டிய அட்டைகளை எடுத்துக் கையில் கொடுத்து ஜூஸ் கேட்பாள், ஊஞ்சல் கேட்பாள். நாற்பது அட்டை வைத்திருந்தார்கள். ஜூஸில் மட்டும் மூன்று வகை. 'வலிக்கிறது' என்று ஒரு அட்டை போட அந்த மையத்தில் ஒரு ஆளுக்கும் தோன்றவில்லை, மார்லாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அக்டோபர் மாதம் ஜூனி தன் வலது கன்னத்தில் தானே குத்திக்கொள்ள ஆரம்பித்தாள். குத்துவாள், கத்துவாள். மார்லா மூன்று நாள் தாளும் பேனாவுமாகப் பக்கத்தில் உட்கார்ந்தாள். குத்துவதற்கு முன் என்ன நடந்தது, பின் என்ன நடந்தது என்று வரிவரியாக எழுதினாள். ஒவ்வொரு தடவையும் யாராவது ஓடி வந்து கையைப் பிடித்தார்கள், முகத்தைப் பார்த்து என்ன கண்ணு என்றார்கள். ஆகவே கவனம் கிடைப்பதற்காகக் குத்திக்கொள்கிறாள் என்று முடிவு. படித்தது அப்படியே கண் முன்னால் நடக்கிறது என்று மார்லாவுக்கு உள்ளூர சந்தோஷம்கூட.

படிவத்தில் ஒரு வரி உண்டு: உடம்பில் கோளாறு எதுவும் இல்லை என்று உறுதி செய்தாகிவிட்டதா? மார்லா ஜூனியின் அம்மா ஷெல்பிக்குப் போன் போட்டாள். ஷெல்பி கியர்பாக்ஸ் ஃபேக்டரியில் வேலை பார்ப்பவள், இடைவேளையில் சாண்ட்விச்சை மென்றுகொண்டே பேசினாள். ஏப்ரலில் டாக்டர் காதையும் தொண்டையையும் பார்த்தார், ஒன்றுமில்லை என்றார். மார்லா கட்டத்தில் டிக் அடித்தாள். ஏப்ரலில் பார்த்த காது அக்டோபரில் குத்து வாங்கும் கன்னத்துக்கு என்ன சாட்சி சொல்லும் என்று அவள் யோசிக்கவில்லை.

திட்டம் ரொம்பச் சுலபம். ஜூனி குத்தினாலும் கத்தினாலும் யாரும் அவள் முகத்தைப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. காயம் படும்படி குத்தினால் பஞ்சுத் திண்டைக் குறுக்கே நீட்டலாம், அதையும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும். பத்து விநாடி சும்மா இருந்தால் பாராட்டி, சோப்புக் குமிழி ஊதிக் காட்ட வேண்டும். வீட்டிலும் இதையே செய்ய வேண்டும் என்று ஷெல்பியை அழைத்துச் சொன்னபோது அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அழும்போதுகூட பாக்கக் கூடாதா?"

"அழும்போதுதான் பாக்கக் கூடாது" என்றாள் மார்லா. சொல்லிவிட்டு, நன்றாகச் சொன்னோம் என்று நினைத்தாள்.

முதல் நாள் பதினாலு குத்து. அப்புறம் இருபத்திரண்டு. ஆறாம் நாள் நாற்பத்தொன்று. வேறு எந்தத் தொழிலிலும், நாம் ஒன்றைச் செய்யச் செய்ய நிலைமை மோசமானால் கையை எடுத்துவிடுவோம். இந்தத் தொழிலில் கொண்டாட டோனட் வாங்கி வருவார்கள். கொடுத்துக்கொண்டிருந்த கவனத்தை நிறுத்தினால் குழந்தை விடுவதற்கு முன் ஒரு தடவை மும்முரமாகச் செய்து பார்க்கும், அதற்கு 'வெடிப்பு' என்று பெயர், அது வந்தால் திட்டம் வேலை செய்கிறது என்று அர்த்தம். பாடத்தில் அப்படி இருப்பது உண்மைதான். எந்தக் கத்தலையும் அந்தப் பெயரால் மூடிவிடலாம் என்பதும் உண்மைதான்.

மையத்தின் இயக்குநர் டெனீஸ் இருபது வருஷமாக இந்த வேலையில் இருப்பவள். ஜூனியின் குத்துகளை நாள்வாரியாகக் காட்டும் வரைபடத்தைப் பெரிதாக அச்செடுத்து ஊழியர் அறைச் சுவரில் ஒட்டினாள். இப்போது யாராவது இரக்கப்பட்டுத் திரும்பிப் பார்த்தால், இன்னும் பலமாகக் குத்தினால் கிடைக்கும் என்று நாமே அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததாகிவிடும் என்று எல்லோரையும் எச்சரித்தாள். மார்லாவின் தோளில் தட்டி, கெட்டிக்காரி என்றாள். மார்லாவுக்கு அன்று டோனட் இனித்தது.

ஒன்பதாம் நாள் மார்லா கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று எண்ணிக்கொண்டிருந்தாள். உள்ளே இருப்பவர்களுக்கு வெளியே இருப்பவர்கள் தெரியாத கண்ணாடி அது. ஜூஸ் கொட்டிவிட்டது என்று உதவியாளர் துடைக்கத் துணி எடுக்கப் போனாள். அறையில் ஜூனி மட்டும். பிஸ்கட்டைக் கடித்தாள். நிறுத்தினாள். துப்பினாள். வலது கன்னத்தில் மூன்று குத்து. கத்தவில்லை, வாசலையும் பார்க்கவில்லை.

மார்லாவின் கட்டைவிரல் எண்ணும் கருவியின் மேலேயே நின்றுவிட்டது. ஆளே இல்லாத அறையில் இவள் யார் கவனத்துக்காகக் குத்திக்கொள்கிறாள்?

அன்று மத்தியானமே தாள்களையெல்லாம் எடுத்துப் பரப்பினாள். குத்துகளில் முக்கால்வாசி, வாயில் ஏதாவது போன ஐந்து நிமிஷத்துக்குள். எல்லாம் அவள் கையெழுத்திலேயே இருந்தது. எழுதியிருந்தாள், படிக்கத்தான் இல்லை.

டெனீஸின் அறைக்குப் போனாள். டெனீஸ் கோபப்படவில்லை, சிரித்தாள்.

"ஒன்பதாம் நாள் எல்லாரும் வந்து இதைத்தான் சொல்வாங்க. நானும் சொன்னவதான்."

"ரூம்ல யாருமே இல்லைங்க."

"யாராவது வருவாங்கன்னு எதிர்பாத்து அடிச்சிருப்பா. வெடிப்பு உச்சத்துல இருக்கிறப்ப திட்டத்தைக் கலைச்சா எல்லாம் பாழ். அடுத்த வாரம் மறுபார்வை முடியட்டும், டாக்டருக்கு நானே எழுதுறேன். அதுவரைக்கும் அம்மாகிட்ட மூச்சு விடாத. அவ உடனே இளகிடுவா."

ஆள் இருந்தாலும் கவனத்துக்காக, இல்லாவிட்டாலும் கவனத்துக்காக. எப்படி உருட்டினாலும் பழி குழந்தை மேல்தான் விழுகிறது. ஆனாலும் மார்லா வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தாள். ஏழு நாள் மூடிக்கொண்டே இருந்தாள். டெனீஸ் மேல் அவளுக்கு இருந்த கோபத்துக்குக் கணக்கு உண்டு. அந்த ஏழு நாளுக்காகத் தன் மேல் வந்த கோபத்துக்குக் கணக்கு கிடையாது.

பதினாறாம் நாள் ஷெல்பி மகளை அழைத்துப்போக வந்தாள். குத்திக் குத்திக் கன்னமே வீங்கிவிட்டது, ஆப்பிளைத் தொட மாட்டேன் என்கிறாள், ஆனால் நான் திட்டத்தை மீறவில்லை என்றாள். மீறவில்லை என்பதை நல்ல பிள்ளை மாதிரிச் சொன்னாள். மார்லா கார் நிறுத்துமிடம் வரை அவள் பின்னாலேயே ஓடினாள்.

"ஷெல்பி, இன்னிக்கே பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. திட்டத்தை விட்டுடுங்க. நான் எழுதினது தப்பு."

ஜூனியின் வலது கீழ்க் கடைவாயில் ஒரு பல் வேர்வரைக்கும் சொத்தையாகிச் சீழ் வைத்திருந்தது. மயக்கம் கொடுத்துப் பிடுங்கினார்கள். ஜூனி மையத்துக்குத் திரும்பி வந்த நாள் நாலு குத்து. மறுநாள் ஒன்றுகூட இல்லை.

இதற்கு அப்புறம் டெனீஸ் செய்ததைத்தான் மார்லாவால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. மலை மாதிரி ஏறிப் பொத்தென்று பூஜ்யத்தில் விழுந்த அந்த வரைபடத்தைப் புதிதாக அச்செடுத்தாள். வேலைக்குச் சேருகிறவர்களுக்குப் பாடம் நடத்த வைத்துக்கொள்வாளாம். வெடிப்பைப் பொறுத்துக்கொண்டால் பலன் கிடைக்கும் என்று மேலே தலைப்பு. கீழே மார்லாவின் பெயர்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நடுவில் ஏதாவது மாறினால் வரைபடத்தில் அந்த நாளில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டு, என்ன மாறியது என்று கோட்டின் உச்சியில் எழுத வேண்டும். முதல் வருஷ மாணவனுக்குக்கூடத் தெரியும். டெனீஸின் தாளில் கோடு இல்லை.

மார்லா ஸ்கேலை எடுத்துக் கோடு போட்டாள். வலப்பக்கம் 'பல் பிடுங்கிய பிறகு' என்று எழுதினாள். இடப்பக்கம்: 'பதினாறு நாள் பல்வலி. யாரும் முகத்தைப் பார்க்கவில்லை. திட்டம் எழுதியவர் மார்லா.' கையெழுத்தும் போட்டு டெனீஸின் மேசையில் வைத்தாள்.

"இதைக் கிழிச்சுப் போட்டுட்டு வீட்டுக்குப் போ" என்றாள் டெனீஸ். "கோட்டுக்கு இந்தப் பக்கம் பூரா உன் கையெழுத்துதான் இருக்கு. லைசென்ஸ் போனா உன்னோடதுதான் போகும், என்னோடது இல்லை."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"பாக்காதீங்கன்னு நான்தானே சொன்னேன். என் பேரை மறைச்சிட்டு அதைப் பாடமா நடத்தினாலும் விடமாட்டேன், என்னைத் தூக்கி வச்சு நடத்தினாலும் விடமாட்டேன். குழந்தையோட தாளைக் கேட்டு வாங்க அம்மாவுக்கு உரிமை இருக்கு. ஒரு நகல் அவங்களுக்குப் போகுது."

சாயங்காலம் ஷெல்பி மகளை அழைத்துப்போக வந்தாள். மார்லா நகலைக் கொடுத்தாள். பின்பக்கத்தில், ஆய்வாளர்கள் மேல் புகார் அனுப்ப வேண்டிய முகவரியை எழுதியிருந்தாள். ஷெல்பி காரில் சாய்ந்தபடி படித்தாள். எண்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தாள். அவள் குரல் உயரவே இல்லை.

"நீங்க எண்ணினது மையத்துல மட்டும். வீட்ல நடந்தது இதுல இல்லை. என் ட்ரெஸ்ஸைப் பிடிச்சு இழுத்துத் தன் கன்னத்துல என் கையை வச்சுக்குவா. நான் கையை உருவிட்டுச் சுவத்தைப் பாத்து நிப்பேன். நீ சொன்னேன்னு நின்னேன். நீ படிச்சவன்னு நின்னேன்."

மார்லா மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள். ஷெல்பி கையைக் காட்டி நிறுத்தினாள்.

அப்போது ஜூனி நடைபாதை விளிம்பில் தடுக்கி விழுந்தாள். முழங்கால் தார்த் தரையில் உரசித் தோல் வழன்றது. ரத்தம் காலுறை வரை வழிந்தது. இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் ஓடினார்கள்.

ஜூனி கத்தவில்லை. யார் முகத்தையும் பார்க்கவில்லை. தானே எழுந்து, இருவருக்கும் முதுகைக் காட்டி மையத்தின் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து, காலைக் கையால் மூடிக்கொண்டாள். ஷெல்பி முன்னால் போய் மண்டியிட்டாள். ஜூனி மறுபக்கம் திரும்பினாள். ஷெல்பி அந்தப் பக்கம் போனாள். ஜூனி மறுபடி திரும்பினாள்.

"எழுதிக்கோ" என்றாள் ஷெல்பி, மகளைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "உன் திட்டம் பலிச்சிருச்சு."