நூல் கட்டிய பாட்டில்

அமலி கத்தரிக்கோலைத் தேடி எடுத்துக்கொண்டு வருவதற்குள் பாட்டில் மிராசுதார் வைத்தியலிங்கத்தின் கைக்குப் போய்விட்டது. அப்பா சிங்கராயரின் சவப்பெட்டிக்குக் கால்மாட்டில் அதை வைத்துவிட்டுப் போனது அவள் தப்பு. மிராசுதார் அங்கேதான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"சிங்கராயர் கலர். இத நாக்குல வச்சு ஆறு வருஷமாச்சு பாப்பா" என்றார்.

"ஐயா, அது வேற ஒருத்தருக்கு..."

அவர் கட்டைவிரலால் கோலியை அமுக்கிவிட்டார். பழைய கேஸ் லேசாகச் சீறியது. வாய் வைத்துச் சப்பினார். நன்னாரிச் சாறு மோவாயில் வழிந்து மார்மயிருக்குள் இறங்கியது. சுற்றியிருந்த நாலைந்து பேர் எச்சில் விழுங்கினார்கள்.

"என்ன கைமணம். பாவி மனுசன் ஏன்தான் நிறுத்துனாரோ" என்றார் ஒருவர்.

அமலி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஈ மொய்க்கும் பிணத்தைக்கூடப் பார்த்துவிடலாம், இந்த வாய்களைப் பார்க்க முடியவில்லை.

ஏன் நிறுத்தினார் என்று வைத்தியலிங்கத்துக்குத் தெரியாதாமா? கூலி நெல்லுக்காகக் குடவாசல் பக்கமெல்லாம் செங்கொடி ஏறிய வருஷம், வயலாட்கள் முதல்முறையாக அப்பாவின் சோடாக் கடை வாசலில் நின்று கலர் வாங்கிக் குடித்தார்கள். மறுநாளே இவர் வந்து நின்றார். "அவனுவ வாய் வச்சதுல நாங்க வாய் வைக்கிறதா? தனியாப் பிரிச்சு வைங்க."

அப்பா அப்படியே செய்தார். வயலாட்களுக்கென்று ஒதுக்கிய நாற்பது பாட்டில் கழுத்தில் அமலிதான் கறுப்பு நூல் கட்டினாள். அன்று சாயங்காலம் வயலாட்களில் ஒருவரான முருகையன் ஒரு பாட்டிலை எடுத்தார், நூலைப் பார்த்தார், திறக்காமலே வைத்துவிட்டுப் போனார். அப்புறம் அவர் தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை. அந்த வாரமே அப்பா கலர் போடும் மெஷினை நிறுத்தினார்.

அந்தப் பாட்டில்தான் இது. "நூல அறுத்துட்டு முருகையன் கையில குடு. என்னயத் தூக்கறதுக்கு முந்தி" என்று அப்பா நேற்று மூச்சிரைக்கச் சொன்னார். ஒரு நூலை அறுக்க அப்பாவுக்கு ஆறு வருஷமும் ஒரு சாவும் வேண்டியிருந்தது. நினைக்க நினைக்க அவர் மேலும் அருவருப்பாக இருந்தது, முடிச்சுப் போட்ட தன் விரல்கள் மேலும்.

சொல்லியனுப்பியதற்கு முருகையன் வந்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றினார்.

வைத்தியலிங்கம் நிமிர்ந்தார். "வாடா முருகையா. அடியில கொஞ்சம் கெடக்கு, இந்தா, நீயும் குடி."

நூல் அவர் எச்சிலில் நனைந்து தொங்கியது. அமலி பாட்டிலைப் பிடுங்கினாள். மிச்சத்தை முற்றத்துச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு நூலை அறுத்தாள்.

"முருகையண்ணே, அப்பா இத ஒங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க. நான்தான் பாத்து வைக்கல."

முருகையன் காலிப் பாட்டிலை வாங்கினார். தரையில் கிடந்த நூலைப் பார்த்தார். தோள் துண்டை எடுத்துப் பாட்டிலின் வாயை அழுத்தித் துடைத்தார். இன்னொரு தரமும் துடைத்தார். பிறகு பெட்டியின் தலைமாட்டுக்குப் போய் நின்றார்.