சீட்டை மறைத்த அட்டை

தியாகராய நகரில் அந்தப் பட்டுக் கடையின் மாடிச் சாப்பாட்டு அறையில், டிவி ரிமோட் எத்தனை கை மாறினாலும் கடைசியில் ஜவஹரிடம்தான் வந்து சேரும். அவன் வைப்பது சீட்டாட்டம். எங்கேயோ வெளிநாட்டில், கறுப்புக் கண்ணாடி போட்ட ஆட்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து போக்கர் ஆடுவார்கள். ஓடுவதில்லை, குதிப்பதில்லை. ஒருத்தன் யோசிப்பான், மற்றவன் அவன் யோசிப்பதைப் பார்ப்பான்.

"இதுல இன்னா கீது மச்சி? சலூன்ல போய் ஒக்காந்தா இதவிட விறுவிறுப்பா இருக்கும்" என்பான் சட்டைத்துணிப் பிரிவு மதிவாணன்.

ஜவஹரிடம் பதில் தயாராக இருக்கும். "கிரிக்கெட்ல ஆடறவனுக்குத் தெரிஞ்சதுதான் நமக்கும் தெரியும். இதுல மேஜையில கேமரா வெச்சி ஒவ்வொருத்தன் சீட்டையும் நமக்கு மட்டும் காட்டிடறான். எதுத்தாப்ல கீறவன் கையில ஒண்ணுமில்லாம சும்மா மிரட்டறான்னு நமக்குத் தெரியும், இவனுக்குத் தெரியாது. எப்படி வேர்த்து ஊத்துது பாரு. பயப்படாதடான்னு கத்தணும்போல இல்ல?"

மதிவாணனுக்கு இல்லை. பேக்கிங் பிரிவுத் தங்கத்துக்கு இருந்தது. தினமும் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு ஜவஹரின் பக்கத்து ஸ்டூலுக்கு வந்துவிடுவாள். ஆட்டம் பிடிபட்டதும் அவளே ஒரு புது விதி போட்டாள். சேலை மடிப்புக்குள் வைக்கிற அட்டை ஒன்றைக் கொண்டுவந்து, திரையில் சீட்டுத் தெரிகிற மூலையை மறைத்து நிறுத்தினாள்.

"தெரிஞ்சிகினு பாத்தா இன்னா ஜோரு? மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க, எவன் பொய்யி?"

முகம் படிப்பதில் பட்டுச் சேலை விற்கிற ஜவஹருக்குத் தன்மேல் ஏகப்பட்ட மதிப்பு. எந்தச் சேலையை ஒரு அம்மாள் 'வேணாம்' என்று சுண்டுவிரலால் ஒதுக்குகிறாளோ, கடைசியில் பில்லுக்குப் போவது அதுதான் என்பது அவன் கண்டுவைத்த உண்மை. ஆனாலும் அட்டை வைத்த ஆட்டத்தில் பெரும்பாலும் தங்கமே ஜெயித்தாள். தோற்பது அவனுக்குப் பிடித்திருந்தது. கல்யாணம் தட்டித் தட்டிப்போய் நாற்பதைத் தாண்டிவிட்ட மனிதன், அந்த மத்தியான நேரத்துக்காகவே காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டான். ஆசையை வாய்விட்டுச் சொல்லத்தான் வெட்கம்.

ஒரே ஒரு குறை அவனை உறுத்தியது. கடையில் பெண்கள் எல்லோரும் ஆண்களை 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவார்கள். மீசை முளைக்காத பயல்கூட அண்ணாதான். தங்கம் மட்டும் ஜவஹரை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. 'ஏங்க', 'இந்தாங்க' என்பதோடு சரி. நம்மை ஒரு ஆளாகவே மதிக்கவில்லை போலிருக்கிறது என்று அந்த மகா மேதை முடிவு கட்டிவைத்திருந்தான்.

ஒரு நாள் அட்டையை நிறுத்திவிட்டுத் தங்கம் சொன்னாள்: "ஏங்க, திருவான்மியூர்லேர்ந்து என்னப் பொண்ணு பாக்க வராங்களாம். நான் இன்னா சொல்லட்டும்?"

ஜவஹர் அவள் முகத்தைப் பார்த்தான். புருவம் அசையவில்லை. கை அதுபாட்டுக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தது. வேண்டாம் என்று சொல், என்னோடு இருந்துவிடு என்று அவன் நெஞ்சு அடித்துக்கொண்டது. வாய் சொன்னது வேறு.

"நல்ல எடம்னா வுடக் கூடாது."

"சரி" என்று எழுந்து டப்பா கழுவப் போனாள்.

திரையில் தொப்பிக்காரப் பையன் ஒருவன் தன் பந்தயக் காய்களை மொத்தமாக நடுவில் தள்ளினான். எதிரே இருந்த பெரியவர் வெகுநேரம் யோசித்தார். தங்கம் ஈரக் கையோடு திரும்பி வந்து அட்டையை எடுத்தாள். பையனிடம் ஒன்றுமே இல்லை. ஜெயிக்கிற சீட்டு பெரியவரிடம் இருந்தது. அப்படியும் அவர் பயந்து, அதைக் கவிழ்த்துப் போட்டு ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டார்.

"ஐயோ பாவம் மனுஷன்" என்றான் ஜவஹர்.

"பாவந்தான்" என்றாள் அவள், அவனைப் பார்த்து.

அடுத்த மாதமே அடையாறு கிளைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாள். திருவான்மியூரில் புகுந்த வீட்டுக்குப் பக்கம் என்று ஜவஹர் நினைத்துக்கொண்டான். அடையாறு பஸ் வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டான். அட்டையை இப்போது அவனே நிறுத்தினான். எவன் பொய் என்று கேட்கத்தான் ஆளில்லை. பக்கத்து ஸ்டூலில் யாராவது உட்கார வந்தால், தன் டப்பாவைத் தூக்கி அதன்மேல் வைத்தான்.

ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் ஒரு நாள் தங்கத்தின் அண்ணன் வெள்ளைச்சாமி மனைவிக்குச் சேலை எடுக்க வந்தார். முன்பு மழை நாட்களில் தங்கையை மேற்கு மாம்பலம் வீட்டுக்குக் கூட்டிப்போக வண்டியோடு கடை வாசலில் நின்றவர். பட்டை விரித்துக்கொண்டே ஜவஹர் கேட்டுவிட்டான்.

"தங்கத்துக்குக் கல்யாணம் நல்லபடியா ஆச்சுங்களா?"

"எந்தக் கல்யாணம்? பொண்ணு பாக்கக்கூட யாரும் வர்லியே. பேச்செடுத்தாலே, மனசுல ஒருத்தரு கீறாருன்னு சொல்லுது. யாருன்னு கேட்டா, கடையில நான் அண்ணான்னு கூப்புடாத ஒரே ஆளுங்குது. நமக்கு இன்னா வெளங்கும்?"

ஜவஹரின் கை சேலைமேலேயே நின்றுவிட்டது. ஏங்க, இந்தாங்க. அத்தனை நாளும் அவள் தன் சீட்டைத் திறந்தேதான் வைத்திருந்தாள். கடைக்கு வந்த ஆண்களையெல்லாம் 'அண்ணா' என்றே கூப்பிட்டுப் பழகிய அவன் வாய், முதல்முறையாக வேறு சொல் தேடியது.

"மச்சான்" என்றான். "தங்கம் இன்னிக்கி டூட்டிக்குப் போயிருக்குதா?"