அழாத ஆள் தேவை

மேனேஜர் போன் செய்தபோது நான் சோபாவில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததைப் பார்ப்பதுதான் இப்போதெல்லாம் என் வேலை. அவர் போன பிறகு அதில் நல்ல கெட்டிக்காரி ஆகிவிட்டேன். அவர் என்றால் என் கணவர். ஒரு காலையில் ஷூ மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. கதை அவ்வளவுதான், இதற்கு மேல் கேட்காதீர்கள்.

"எப்படிம்மா இருக்கே?" என்றார் மேனேஜர்.

"இருக்கேன் சார்."

"ஒரு எட்டு ஆபீசுக்கு வந்துட்டுப் போயேன். உன் நாற்காலி விஷயமாப் பேசணும்."

என் நாற்காலி என்று அவர் சொன்னது, புகார்ப் பிரிவில் ஜன்னலோரம் இருக்கிற நாற்காலியை. ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் விற்கிற கம்பெனி அது. விற்கிறவர்கள் கீழே கண்ணாடிக் கடையில் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். வாங்கினவர்கள் மாடியில் இருக்கிற எங்களைக் கூப்பிட்டுத் திட்டுவார்கள். நான் வேலையை விட்டபோது அந்த இடத்தில் என் தங்கச்சியைச் சேர்த்துவிட்டதும் நான்தான். ஆக, நாற்காலி விஷயம் என்றால் தங்கச்சி விஷயம். அதுகூடப் புரியாத அளவுக்கு நான் மரத்துப்போய்விடவில்லை.

அந்த வேலையில் பிழைக்க ஒரே ஒரு பொத்தானைத் தெரிந்துவைத்திருந்தால் போதும். மியூட். எதிர்முனையில் இருப்பவன் கத்த ஆரம்பித்ததும் அதை அமுக்கிவிட வேண்டியது. அவன் பேசுவது நமக்குக் கேட்கும், நாம் பேசுவது அவனுக்குக் கேட்காது. "கட்டையில போறவனே, உன்னையும் அந்த மெஷினுக்குள்ள போட்டுத் துவைச்சாத்தான்டா நீ உருப்படுவே" என்று ஆசை தீரத் திட்டிவிட்டு, பொத்தானை விட்டு, "சொல்லுங்க சார், கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று தேனாகக் குழைய வேண்டியது. என் திட்டுக்கு அந்த ஹாலில் ரசிகர்களே உண்டு. பக்கத்து நாற்காலிக்காரி தன் லைனில் இருப்பவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு என் பக்கம் காதை நீட்டுவாள்.

அவர் போன பிறகு மறுபடி வேலைக்குப் போனேன். திட்ட எதுவும் வரவில்லை. ஒருத்தன் என் அம்மா, பாட்டி, பரம்பரை எல்லாவற்றையும் இழுத்தான். "புரியுது சார், நாளைக்கு மெக்கானிக் வருவார்" என்றேன். மியூட்டுக்கு என் விரல் போகவேயில்லை. மேனேஜருக்கு வாயெல்லாம் பல். "பாருங்க, ஐஸ் கட்டி மாதிரி இருக்கா. எல்லாரும் இவளைப் பாத்துக் கத்துக்கோங்க" என்றார். அன்றிலிருந்து எனக்கு ஐஸ் கட்டி என்று பெயர். பிறகு ஒருநாள் நான் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. தீர்மானமாக நின்றுவிட்டேன் என்றெல்லாம் பெருமை பேச முடியாது.

மேனேஜர் கெட்டவர் இல்லை. நான் ஆபீசுக்குப் போனதும் நாற்காலியை இழுத்துப் போட்டு, காபி வரவழைத்து, ஆறட்டும் என்று காத்திருந்தார். பிறகு கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பி, "இதக் கேட்டுட்டு நீயே ஒரு நியாயம் சொல்லு" என்றார். போனில் பேசுவதெல்லாம் அங்கே பதிவாகும்.

ஒரு பெரியவரின் குரல். ஃப்ரிட்ஜ் குளிரவில்லையாம். மெக்கானிக் வந்து எல்லாவற்றையும் காலி செய்யச் சொல்கிறாராம். "கீழ்த்தட்டுல ஒரு கிண்ணம் இருக்கும்மா. என் சம்சாரம் செஞ்சு வெச்சது. அவ இப்ப இல்ல. அதை எடுக்காம ரிப்பேர் பண்ண வழி இருக்கா?"

"ஒரு நிமிஷம் இருங்க ஐயா" என்றது தங்கச்சியின் குரல். பொத்தானை அமுக்கினாள், அது சரியாகப் பதியவில்லை. அது தெரியாமல் பக்கத்து நாற்காலிக்காரியிடம் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"ஏய், இந்தப் பெரியவர் எங்கக்கா மாதிரியேடி. மாமா போனாரா, அவர்கூடவே அவளும் போயிட்டா. தினமும் டப்பா தூக்கிட்டு ஓடறேன். பொணத்துக்குச் சோறு வெக்கிற மாதிரி இருக்குடி. எங்கக்கா முகத்தப் பாத்தாலே பயமா இருக்கு. வெச்சுட்டு ஓடி வந்துடறேன்."

அப்புறம் மூக்கை உறிஞ்சும் சத்தம். அப்புறம் பெரியவர் மெதுவாக, "அம்மா, நான் லைன்லதான் இருக்கேன்" என்றார். சற்று விட்டு, "அக்கா ஒழுங்காச் சாப்பிடறாளா?" என்றும் கேட்டார்.

மேனேஜர் நிறுத்தினார். "அதுக்கப்புறம் ரெண்டு பேரும் சேந்து அழுதிருக்காங்க. ஃப்ரிட்ஜ் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. ஆடற மாட்ட ஆடிக் கறக்கணும், பாடற மாட்டப் பாடிக் கறக்கணும்னு சொல்லுவாங்க. உன் தங்கச்சி மாட்டக் கட்டிப் புடிச்சு அழறாம்மா. நான் என்ன பண்ண?"

நான் காபியைக் குடித்தேன்.

"நீ வா. திங்கட்கிழமையே வந்து உக்காரு. அவள நிறுத்திடறேன். நீ வரலேன்னா அவள வெச்சே ஓட்டித் தொலைக்கணும், வேற ஆள் இல்ல. சாயங்காலத்துக்குள்ள சொல்லு."

வீட்டுக்கு நடந்தே வந்தேன். கூடப்பிறந்தவள் என்னைப் பிணம் என்கிறாள், எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். வரவில்லை. வழியில் ஒரு மாவு மில்லுக்கு வெளியே நின்று யாரோ சண்டை போடுவதைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் நின்றேனோ, அவர்களே சமாதானமாகி என்னை முறைத்தார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், போகத்தான் ஆசையாக இருந்தது. வீட்டில் இப்படி இருந்தால் வியாதி என்கிறார்கள். அங்கே இப்படி இருந்தால் திறமை. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால் போதும், இருட்டும்வரை யாரும் "என்ன ஆச்சு உனக்கு?" என்று கேட்க மாட்டார்கள். தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன?

ஆனால் தங்கச்சிக்கு அதுதான் முதல் வேலை. அதுவரை "நீ வீட்ல சும்மாதானே இருக்கே" என்று மாமியாரில் தொடங்கி மாடி வீட்டுக்காரி வரை அவளை ஏவினார்கள். இப்போது அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாமலே தூங்குகிறாள் என்று அவள் புருஷன் கிண்டல் செய்கிறார். அந்த அட்டையைத்தான் நான் கழற்றப் பார்க்கிறேன்.

சாயங்காலம் டப்பாவோடு வந்தாள். வழக்கம்போல் மேஜையில் வைத்து, "சாப்பிடுக்கா, வரட்டுமா?" என்றாள்.

"இன்னிக்கு ஆபீசுக்குப் போயிருந்தேன். மேனேஜர் அந்த ஃப்ரிட்ஜ் பெரியவர் பேசினதப் போட்டுக் காமிச்சார்."

அவள் கழுத்து அட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ அக்கா. அது நான்... பொத்தான் சரியா அமுங்கல."

"பொத்தான் கெடக்குது. சொன்னது நெஜம்தானே?"

டப்பாவைத் திறந்தேன். "பொணத்துக்குப் பசிக்குது, தட்ட எடு" என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சனியன், தேம்பித் தேம்பி அழுதாள். மேனேஜர் சொன்னதை எல்லாம் சொன்னேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீயே போக்கா" என்றாள். "எனக்கு வேற ஏதாவது கெடைக்கும். நீ இந்தச் சோபாவ விட்டு எந்திரிச்சாப் போதும். நாலு பேரோட இருந்தா பழையபடி ஆயிடுவே."

அவளுக்கு வேறு எதுவும் கிடைக்காது, அது எங்கள் இருவருக்கும் தெரியும். என்றாலும் அழுத மூக்கோடு தன் அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தாள். பைத்தியக்காரி.

"ஆக மாட்டேன்டி," என்றேன். "அங்க போனா நான் பழையபடி ஆகக் கூடாதுன்னுதான் எல்லாரும் வேண்டிக்குவாங்க. இப்படி இருக்கறதுக்குத்தானே சம்பளம். ஒருநாள் எனக்கு அழுகை வந்துடுச்சுன்னா அன்னிக்கே சீட்டக் கிழிச்சுடுவாங்க."

சொன்ன பிறகுதான் அது எனக்கே புரிந்தது. போனை எடுத்தேன்.

"நான் வரல சார்."

"ஏம்மா? சம்பளம் வேணும்னா கொஞ்சம் பாத்துப் போடறேன்."

"எனக்கு உடம்பு சரியில்ல சார். அவர் போனதுலேந்தே சரியில்ல. என்னைக் கெட்டிக்காரின்னு நெனச்சுட்டீங்க."

அவர், "சரிம்மா, உன் தங்கச்சிய நேரத்துக்கு வரச் சொல்லு" என்று வைத்துவிட்டார். உடம்பு சரியில்லை என்ற அந்த வார்த்தையை இவ்வளவு நாளில் ஒருத்தரிடமும் சொன்னதில்லை, டாக்டரிடம்கூட. சொல்லிவிட்டேன், ஒன்றும் இடிந்து விழவில்லை.

தங்கச்சி அட்டையை எடுத்து மாட்டிக்கொண்டாள். டப்பாவைக் கழுவிப் பையில் போட்டாள். "அப்ப நான் வரட்டுமாக்கா?" என்றாள். கால் ஏற்கெனவே வாசல் பக்கம் திரும்பியிருந்தது.

"உனக்கு மட்டும்னு நெனச்சியா?" என்றேன். "எனக்கும் என்னைப் பாத்தா பயமாத்தான்டி இருக்கு. இன்னிக்கு ஓடாத."