தேனில் குழைத்த மாத்திரை

மொத்தம் எத்தனை விரிப்புகள் தீய்ந்தன என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஒன்பது என்று இஸ்திரிக்காரர் சொன்னதாக ஞாபகம். அவர் மனைவி ஆறு என்பாள். தீய்ந்த நேரத்தில் அவர் தன் நினைவில் இல்லை; அவளோ அந்த இடத்துக்கே போனதில்லை. மற்றதெல்லாம் ஏறக்குறைய இப்படித்தான் நடந்தது.

மருத்துவமனைகளுக்கும் விடுதிகளுக்கும் துணி வெளுத்துத் தரும் பெரிய சலவைக்கூடம். பதினேழு வருடமாக அவருக்கு ஜன்னலோர மேசை. சாயங்காலம் நாலரை, ஐந்து வாக்கில் அது வரும். அடிவயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறும். ஈரச் சாம்பல் வாசனை அடிக்கும். அப்புறம் ஒன்றும் இருக்காது. கண் திறந்தபடியே, வலது கை இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தபடி விறைத்திருக்க, இடது கை துணியின் ஓரத்தை நிமிண்டிக்கொண்டிருக்கும். நினைவு திரும்பும்போது விரிப்பில் தீய்ந்த ஒரு முக்கோணம். மஞ்சள் என்றால் கொஞ்ச நேரம்தான் நினைவு போயிருந்தது. ஓட்டை என்றால் ரொம்ப நேரம்.

மூளையில் ஓர் ஓரத்தில் மட்டும் வருகிற வலிப்பு என்றார் டாக்டர். கீழே விழாததால் கூட வேலை செய்பவர்களுக்கு அது வலிப்பாகவே படவில்லை. ‘சிலை’ என்று பேர் வைத்துவிட்டார்கள்.

“சிலை அண்ணே, இறங்கி வந்துட்டீங்களா? மாலை போடலாம்னு இப்பத்தான் ஏணி தேடினோம்.”

மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. “இன்னிக்குத் துணி. நாளைக்கு உன் கை. இன்னொரு தடவை ஆச்சுன்னா பெட்டிப் பக்கமே விடமாட்டேன். அப்புறம் என்மேல வருத்தப்படாதே.”

அந்தப் பெட்டியை விட்டால் தன் கைக்கு வேறென்ன தெரியும் என்று அவர் யோசித்துப் பார்த்தார். ஒன்றும் தோன்றவில்லை.

பதினோரு மாதமாக மாத்திரை. காலையும் இரவும். ஒரு வேளை தவறியதில்லை.

“ஒழுங்கா போடறீங்களா?” என்பார் டாக்டர்.

“தவறாம, டாக்டர்.”

டாக்டர் நெற்றியைத் தடவிக்கொண்டு அளவைக் கூட்டுவார். கூட்டக் கூட்ட இவருக்குக் காலைப்பொழுது கெட்டது. பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. ஒருநாள் எந்தக் கதவில் ஏறுவது என்று புரியாமல் இரண்டு பேருந்துகளை விட்டார். சாயங்காலம் மட்டும் மாறவில்லை.

மாத்திரை பெரியது. முதல் வாரமே தொண்டையில் சிக்கி அவருக்குக் கண் பிதுங்கிவிட்டது. அன்றிலிருந்து அவர் மனைவி அதைக் கரண்டியால் நசுக்கி, மாவாக்கி, தேனில் குழைத்துக் கொடுத்தாள். துளி சிந்தமாட்டாள். நீட்டி, “ம்” என்பாள். பேச்சு குறைந்துபோன அந்த வீட்டில் அந்த ‘ம்’ மட்டும் இரண்டு வேளையும் தவறாமல் கேட்டது.

அலுத்துப்போய் ஒரு மத்தியானம், பிரிக்காத மாத்திரைப் பெட்டியோடு மருந்துக்கடைக்குப் போனார்.

“இதைத் திருப்பி எடுத்துக்குவீங்களாம்மா?”

“ஏன் சார், டாக்டர் மாத்திட்டாரா?” என்றாள் கடைப்பெண்.

“நானே நிறுத்தப்போறேன். காலையில குடிகாரன் மாதிரி தள்ளாடறேன், சாயங்காலம் பழைய கதை. எதுக்கு இந்தக் கூத்து?”

“ஐயையோ, பட்டுனு நிறுத்திடாதீங்க சார். இப்ப நின்னபடி வர்றது அப்ப ஆளையே கீழ தள்ளிடும். விடாம அடுத்தடுத்துகூட வரலாம்.” அவள் அவரை உற்றுப் பார்த்தாள். “அது சரி, எப்படிப் போடறீங்க?”

எப்படி என்று அதுவரை யாரும் கேட்டதில்லை.

“வீட்ல பொடி பண்ணித் தேன்ல குழைச்சுத் தருவாங்க.”

அவள் பெட்டியைத் திருப்பி நகத்தால் ஒரு வரியைக் காட்டினாள். கடுகளவு எழுத்து. நசுக்காமல் முழுதாக விழுங்கவும்.

“இது கொஞ்சம் கொஞ்சமா கரையற மாத்திரை சார். பொடி பண்ணினா மொத்தமும் சட்டுனு உடம்புல இறங்கிடும். அதான் தள்ளாட்டம். சாயங்காலத்துக்கு எங்க மிச்சம் இருக்கும்?”

அவருக்குக் கோபம் வரவில்லை. உட்கார வேண்டும்போல் இருந்தது. முக்காலியை நகர்த்திப் போட்டுவிட்டு அவள் டாக்டருக்குப் போன் செய்தாள். நசுக்கிப் போட்ட கதையைச் சொன்னாள். “நானும் கேக்கலையே,” என்றார் டாக்டர். அளவைக் குறைத்து, சின்ன மாத்திரையாக மாற்றிச் சொன்னார். முழுசா விழுங்கணும், நாளைக்கே ரத்தம் பார்க்கணும், நான் சொல்ற வரைக்கும் சூட்டுப் பெட்டியைத் தொடக்கூடாது என்றார்.

வீட்டில் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தார். எந்த வார்த்தையை எடுத்தாலும் அது அவள் மேல் போய் விழுந்தது.

இரவு அவள் கரண்டியை எடுத்தாள்.

“இனிமே நசுக்க வேண்டாம்.”

“ஏன், கசக்குதா?”

“இல்ல. முழுசா விழுங்கணுமாம். நசுக்கினதாலதான் காலையில அப்படி, சாயங்காலம் இப்படியாம்.”

கரண்டி நின்றது. “எத்தனை நாளா நசுக்கறேன்?”

“விடு.”

“கேக்கறேன்ல.”

“பதினோரு மாசம்.”

அவள் கரண்டியைக் கழுவினாள். துடைத்தாள். மறுபடி கழுவினாள். பிறகு தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது மடக்கில் மாத்திரை இறங்கியது.

“ம்,” என்றார் அவர்.

காலைத் தள்ளாட்டம் இரண்டே வாரத்தில் போயிற்று. வலிப்பு அடியோடு நிற்கவில்லை. வருடத்துக்கு ஒன்றிரண்டு வருகிறது. அதனால் மேஸ்திரி அவரைத் துணி மடிக்கும் மேசைக்கு மாற்றினார்; இவர் இன்றும் அங்கேதான் இருக்கிறார். சிலை என்ற பேர் போகவில்லை. மேஸ்திரி ஓய்வு பெற்றுவிட்டார். கடைப்பெண் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள். டாக்டர் இப்போது எல்லாரிடமும் ‘எப்படிப் போடறீங்க’ என்று கேட்கிறாராம். இஸ்திரிக்காரரின் மனைவி மாத்திரை நேரத்தில் எதிரே வந்து உட்காருகிறாள். அந்த வீட்டில் அப்புறம் தேன் வாங்கவில்லை.