ஆட்டிப் பார்த்த பேனா

நெய்வேலியில் ஒரு கான்ட்ராக்டரின் எடைமேடை அறை. கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துப் பார்த்துக் கலியபெருமாளுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. லாரி எடையை ரெண்டு தரம் தப்பாகப் படித்துவிட்டார். சூப்பர்வைசர் இனியன் ஒரு தாளை நீட்டினான். பார்வை சரியில்லை, நானாகவே வேலையை விடுகிறேன் என்று அதில் இருந்தது.

“கையெழுத்துப் போடுங்க பெரியவரே.”

“என் கண்ணு நல்லாதான் இருக்குது. உன் பொட்டிதான் மினுக்குது.”

“அதான் திரை செகண்டுக்கு எத்தனை தரம் புதுசாகணுங்கிற ரெஃப்ரெஷ் ரேட்டை அறுபதுலேர்ந்து எழுபத்தஞ்சு ஆக்கிட்டேனே! உங்களுக்கு மட்டும் மினுக்குதா?”

கலியபெருமாள் பேனாவை வாங்கினார். சுரங்கத்தில் நிலக்கரி பெல்ட்டில் வேலை பார்த்த முப்பது வருஷமும் அவர் எந்த விளக்கையும் நம்பியதில்லை. டியூப் லைட் வெளிச்சத்தில், பெல்ட்டுக்கு அடியில் சுற்றுகிற ரோலர் சில நேரம் நிற்கிற மாதிரி தெரியும். நம்பித் தொட்டால் கை போய்விடும். அதனால் முதலில் ஒரு குச்சியை ஆட்டிப் பார்ப்பார்கள். குச்சி பலதாகத் தெரிந்தால் விளக்கு அணைந்து அணைந்து எரிகிறது என்று அர்த்தம்.

ஜன்னல் வெளிச்சத்தில் பேனாவை வேகமாக ஆட்டினார். விசிறி மாதிரி ஒரே வீச்சாகத் தெரிந்தது. திரைக்கு முன்னால் ஆட்டினார். பத்துப் பேனா தெரிந்தது.

“எண்ணிக்கோ. இதுவும் என் கண்ணா?”

இனியன் குனிந்து பேனாவை உற்றுப் பார்த்தான்.

“நீ இந்தப் பொட்டியோட வெளிச்சத்தைக் குறைச்ச அன்னைலேர்ந்துதான் இந்த மினுக்கல். குறைக்கச் சொன்னா அது அணைஞ்சு அணைஞ்சு எரியுது.”

“கரண்டு மிச்சமாகட்டும்னு...”

“ஊருக்கெல்லாம் கரண்டு அனுப்புற எடத்துல உக்காந்துகினு மிச்சம் புடிக்கிறியா? ஏத்துடா!”

முழுசாக ஏற்றினான். பேனா மறுபடி ஒரே வீச்சானது.

வெளியே அடுத்த லாரி மேடையில் ஏறி நின்றது. கலியபெருமாள் அந்தத் தாளைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் எடையை எழுதி நீட்டினார்.

“சரியா இருக்குதான்னு நீ படி.”